நீ கால்மாட்டுக்குப் போன நாள்

என்ட உசிரான சுபைதா மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கபுறில் அடங்கி இருப்பவர்களுக்குச் சலாம் சொன்னால் கேட்கும் என்கிறார்கள். நம் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. ஓட்டோ அந்த மதிலைக் கடக்கும்போது தலையைத் திருப்பி ஒரு சலாம் சொல்வதோடு சரி. என் மனதில் இருக்கிற கோபத்தை ஓடுகிற ஓட்டோவில் இருந்து சொல்லி முடிக்க ஏலுமா? அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நீ ஏழு வரைக்கும் போனவள் என்று சொல்லிச் சொல்லியே என்னைச் சீண்டுவாய். பக்கத்து வீட்டு டீச்சர் எழுத்துப் பிழை பார்த்துத் தருவதாகச் சொன்னா. "கோவமா இரிக்கிற இடத்த மட்டும் திருத்த வேணாம் டீச்சர்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ போய் ஒரு வருஷம் திரும்பிவிட்டது. உன் ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன் உன் மகன் முற்றத்தில் நின்று கேட்டான். "எங்கட உம்மா ஆருக்காவது மனம் நோக நடந்திருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக் கொள்ளுங்க" என்றான். வீட்டுக்குள் இருந்த பெண்கள் எல்லோரும் "பொறுத்தம், பொறுத்தம்" என்றார்கள். உன்னைக் குளிப்பாட்டி முடித்த ஈரத்தோடு கதவு மூலையில் நின்ற நானும் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

அந்தச் சொல் இன்னும் என் தொண்டையில்தான் கிடக்கிறது மச்சி. சொல்லிவிடுவதா, இல்லையா? இதை எழுதி முடிக்கும்போதாவது எனக்குத் தெரிய வேண்டும்.

படிக்கிறவர்களுக்கும் விளங்க வேண்டும் என்று டீச்சர் சொல்கிறா. அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்கிறேன். நீ என் மாமி மகள். ஒரே தெருவில் பிறந்து ஒரே தெருவில் வாழ்க்கைப்பட்டோம். சுனாமியாய்க் கடல் வந்த அன்று நம் ஊரில் எத்தனையோ பெண்கள் குளிப்பாட்ட ஆளில்லாமல், கபன் துணி இல்லாமல் மண்ணுக்குப் போனார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நீயும் நானும் ஹபீபாவும் மய்யித்துக் குளிப்பாட்டப் பழகினோம். அன்றிலிருந்து இந்தப் பகுதியில் ஒரு பெண் மவுத்தானால் உன் போன்தான் அடிக்கும். அடுப்பில் கறி இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டுப் போவோம்.

வேலையில் உனக்கென்று ஓர் இடம் இருந்தது. நீ தலைமாட்டில், நான் கால்மாட்டில், ஹபீபா தண்ணீருக்கு. வீட்டுப் பெண்கள் மறைப்புச் சீலையைப் பிடித்துக்கொள்வார்கள். முகத்தைத் துடைப்பதும் முடியைப் பின்னுவதும் நீதான். இலந்தை இலை போட்ட தண்ணீரை நீ ஊற்றுகிற பக்குவம் வேறு யாருக்கும் வராது. நித்திரையில் இருக்கிற பிள்ளையைத் துடைக்கிற மாதிரித் துடைப்பாய்.

அதோடு எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சீலைக்குள்ளே கண்டதை வெளியே கொண்டு வரக் கூடாது. உடம்பில் ஒரு தழும்பு இருந்தாலும், ஒரு நோய் இருந்தாலும், அது நம்மோடு முடிந்தது. புருஷன்மாரிடம்கூடச் சொன்னதில்லை. ஊர் நம்மை வீட்டுக்குள் விட்டதே அந்த நம்பிக்கையில்தான். அதில் நமக்குப் பெருமையும் இருந்தது.

வேலை முடிந்தால் உன் குசினிக்குத்தான் வருவோம். குளித்துவிட்டு, பிளேன்டீ ஊற்றி, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு இருப்போம். மய்யித்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டோம். எங்களைப் பற்றித்தான் பகிடி. "நான் முந்திக்கிட்டா நீதான் கா தலமாட்டுல நிக்கணும்" என்பாய். "வெந்நித் தண்ணி ஊத்து. பச்சத் தண்ணி ஊத்தினாயெண்டா எழும்பி அறைவன்." ஹபீபா "தவ்பா, தவ்பா" என்று காதைப் பொத்துவாள். நீ அவளுடைய பனங்கட்டியையும் எடுத்துத் தின்றுவிடுவாய்.

அந்தச் சிரிப்பு எந்த நாளில் நின்றது என்று இப்போது எனக்குத் தெரியும். பிள்ளைப் பேற்றில் மவுத்தான அந்த இளம் பெண்ணைக் குளிப்பாட்டின நாள். உள்ளே நாம் தண்ணீர் ஊற்ற, வெளியே அவளுடைய பச்சைப் பிள்ளை பாலுக்குக் கத்திக்கொண்டே இருந்தது. நீ முடியைப் பின்னினாய், அவிழ்த்தாய், திரும்பப் பின்னினாய். அன்று தேத்தண்ணி வைக்கவில்லை. தலையிடி என்றாய்.

அடுத்த அழைப்பில் நீ குளிப்பாட்டுகிற பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "இண்டைக்கு நீ தலமாட்டுக்குப் போ கா. எனக்குக் குனிய ஏலாம இரிக்கி" என்றாய்.

நான் போனேன். என்னைப் பெரிய ஆளாக்கி விட்டாய் என்று நினைத்து உள்ளுக்குள்ளே ஒரு சந்தோஷம்கூட வந்தது. கால்மாட்டில் நின்றாலும் குனியத்தானே வேண்டும் மச்சி? முகத்தைப் பார்க்க ஏலாமல்தான் நீ அந்தப் பக்கம் போனாய் என்று அன்று எனக்கு எப்படி விளங்கும்?

அதற்குப் பிறகு நீ தலைமாட்டுக்கு வரவே இல்லை. கையில் எப்போதும் உறை போட்டிருந்தாய். உறையைக் கழற்றியதும் குழாயடியில் நின்று கழுவுவாய், கழுவுவாய், கழுவிக்கொண்டே இருப்பாய். ஹபீபா தண்ணீர்த் தொட்டி வற்றப் போகிறது என்று பகிடி பண்ணினாள். நீ சிரிக்கவில்லை. மீன்கறி வைக்கிற வீட்டில் சாப்பிட மாட்டேன் என்றாய். ஓட்டோவில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வாய்.

நான் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லாதே. கேட்டேன். ஒரு தரம் உன் வாசற்படியில் வைத்தே கேட்டேன்.

"என்ன கா உனக்கு? முகம் கறுத்துப் போய்க் கெடக்கு."

"ஒண்டுமில்ல கா. வயசு போகுது."

"எனக்கும்தான் போகுது. நான் இப்பிடியா இரிக்கன்?"

"நீ வேற, நான் வேற" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய்.

நீ வேற, நான் வேற. அந்தப் பேச்சை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை. இப்போது சோறு பிசையும்போதும் அதுதான் காதில் கேட்கிறது.

பிறகு ஒரு நாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு எழும்பினவள் முற்றத்தில் விழுந்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முதலே முடிந்துவிட்டது. பிரசர் கூடித் தலை நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். "இவங்க நல்லா நித்திர கொள்ளுறவங்களா?" என்று டாக்டர் கேட்டாராம். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் அங்கே இல்லை.

உன் சொல்லைக் காப்பாற்றினேன் மச்சி. நான்தான் தலைமாட்டில் நின்றேன். யாரோ தொட்டித் தண்ணீரை வாளியில் கொண்டு வந்தார்கள். திருப்பி அனுப்பி, அடுப்பு மூட்டிச் சூடாக்கித்தான் ஊற்றினேன். உன் முடியை நீ பின்னுகிற மாதிரியே பின்னப் பார்த்தேன். வரவில்லை.

அங்கே உன் கையில் நான் கண்டதை இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன். அது சீலைக்குள்ளே கண்டது. உயிரோடு இருக்கிறவர்கள் வாயால் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

உன் மகள் சொன்னாள். உம்மா ஒவ்வொரு நாளும் உடுப்புக் கழுவுகிற சவுக்காரத்தால் முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவா, ரெத்தம் கசியும்வரைக்கும் விட மாட்டா என்றாள். போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி வைப்பாவாம். மணி அடித்தால் அரிசிக்குள் இருந்து முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வருமாம். நீ டிரம்மைப் பார்த்துக்கொண்டே நிற்பாயாம். பிறகு கையை உள்ளே விட்டு எடுத்து, "ஓம், வாறம்" என்பாயாம். அந்த "ஓம், வாறம்" என்ற குரலை மட்டும்தான் நீ எனக்குத் தந்தாய். டிரம்மைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தைத் தரவே இல்லையே.

இதுவரைக்கும் என்றால்கூட நான் அழுதுவிட்டுப் பொறுத்திருப்பேன். உன் நாற்பதாம் நாள் ஓதுகிற கத்தத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோதுதான் மற்றது வெளியே வந்தது. உன் மகள் சொன்ன சவுக்காரக் கதையை ஹபீபாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"உனக்குத் தெரியுமா ஹபீபா?"

"தெரியும் கா."

"எப்ப இருந்து?"

"அந்தப் பால்குடிப் புள்ளட உம்மாவக் குளிப்பாட்டினதுக்குப் பொறகு. அந்தப் புள்ள கத்தின சத்தம் காதுக்குள்ளயே நிக்கிது எண்டு சொல்லி அழுதா."

"என்னட்ட ஏன் சொல்லல்ல?"

"சத்தியம் வாங்கிட்டா. குர்ஆன்ல கைய வைக்கச் சொன்னா. 'பரீதாக்குத் தெரியப்படாது. அவள் கல்லு. அந்தக் கல்லும் ஆடினா நாளைக்கு ஊர்ல ஒரு பொம்புள மவுத்தானா ஆரு நிக்கிற?' எண்டு கேட்டா."

"கல்லா? நானா?"

"நாங்க ரெண்டு பேரும் அப்பிடித்தான் கா நினைச்ச" என்று சொல்லி அவள் அழுதாள். வெங்காயத்தால் வந்த கண்ணீர் என்று நான் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, உரித்ததைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள்.

நான் எழும்பி வந்துவிட்டேன். உன் கத்தத்துச் சோற்றில் ஒரு பிடிகூட நான் சாப்பிடவில்லை மச்சி. அதற்குப் பிறகு ஹபீபாவோடு வேலைக்கு மட்டும் போவேன். கதை பேச்சு இல்லை.

நீ சொல்லு. யாரைக் கேட்டு என்னைக் கல்லாக்கினாய்? மறைக்கச் சொன்னது மய்யித்தின் குறையை. உன் நோவை மறைக்கச் சொன்னது யார்? ஊராரின் உடம்புக்குப் போட வேண்டிய சீலையை எடுத்து உன்மேல் நீயே போட்டுக்கொண்டாய். அதற்குள் ஹபீபாவை ஏற்றினாய். என்னைச் சீலைக்கு வெளியே நிற்க வைத்தாய். சிறு வயதில் இருந்து ஒரே பாயில் படுத்து எழும்பின என்னை.

நானும் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ மவுத்தாவதற்குப் பல வருஷம் முதலே நான் லைட்டை அணைத்துவிட்டு நித்திரை கொள்வதில்லை. மகனுக்குப் பயம், அதனால்தான் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அவனுக்குக் கலியாணம் முடிந்து போன பிறகும் லைட் எரிகிறது. இதை உன்னிடம் ஏன் சொல்லவில்லை தெரியுமா? தலைமாட்டில் நிற்கிறவளே ஒன்றும் பேசாமல் இருக்கிறாள், கால்மாட்டில் நிற்கிற எனக்கு என்ன வந்தது என்று வெட்கப்பட்டேன். நீ என்னைப் பார்த்து வாயை மூட, நான் உன்னைப் பார்த்து வாயை மூட, நடுவில் மய்யித்து மட்டும் கிடந்தது. ஒரு நாள், ஒரேயொரு நாள் நீ வாயைத் திறந்திருந்தால் நானும் திறந்திருப்பேனே!

இனி இங்கே நடக்கிறதைச் சொல்கிறேன். பள்ளிவாசலில் இருந்து வருகிற அழைப்பு இப்போது என் போனுக்குத்தான். நான் அரிசிக்குள் போடுவதில்லை. ஆனால் மணிச் சத்தத்தை மாற்றச் சொல்லிவிட்டேன். பேரன் ஏதோ குருவிச் சத்தம் வைத்துத் தந்தான். இப்போது முருங்கையில் குருவி கத்தினாலும் நெஞ்சு பதறுகிறது. சிரிக்கிறாய் தானே?

உன் இடத்துக்கு ஸிபானா வந்திருக்கிறாள். உனக்குத் தெரியும், கடற்கரைத் தெரு மீன்காரரின் மருமகள். சின்னப் பெண் பிள்ளை ஒன்று இருக்கிறது அவளுக்கு. கை சுத்தம், வாய் சுத்தம். நல்லாப் பின்னுவாள். தலைமாட்டை அவளிடம் கொடுத்துவிட்டு நான் பழையபடி கால்மாட்டுக்கு வந்துவிட்டேன்.

போன கிழமை ஒரு சின்னப் பிள்ளையின் மய்யித்து. அதற்குமேல் சொல்ல மாட்டேன். ஸிபானா முழு வேலையையும் ஒழுங்காகச் செய்தாள். ஓட்டோவில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டாள். இறங்கும்போது மெதுவாகச் சொன்னாள்:

"மாமி, அடுத்த தரம் நான் கால்மாட்டுல நிக்கட்டா? குனிய ஏலாம இரிக்கி."

உன் குரலையே கேட்ட மாதிரி இருந்தது. இறங்கப் போனவளைக் கையைப் பிடித்து இருத்தினேன். ஓட்டோக்காரரிடம் என் வீட்டுக்கு விடச் சொன்னேன். குசினிக் கதவைச் சாத்தி, கேத்தலை அடுப்பில் வைத்தேன். ஹபீபா வாசலில் உள்ளே வருவதா போவதா என்று தெரியாமல் நின்றாள். "வா" என்றேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வேலைக்கு வெளியே அவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அது.

"என்ன புள்ள உனக்கு?" என்று ஸிபானாவைக் கேட்டேன்.

"ஒண்டுமில்ல மாமி."

"அந்தச் சொல்ல இந்தக் குசினிக்குள்ள சொல்லாத. அது ஒருத்தியக் கொண்டு போயிட்டு."

"கண்டத வெளிய சொல்லப்படாதே மாமி?"

"மய்யித்தப் பத்திச் சொல்லாத. உன்னப் பத்திச் சொல்லு."

அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு உடைந்துவிட்டாள். "என்ட மகளுக்கும் அதே வயசு மாமி. இப்ப வீட்ட போய் அவளக் குளிக்க வார்க்கணும். என்ட கை அவளத் தொடுமா?" என்று கேட்டாள்.

நான் புத்தி சொல்லவில்லை. சபூர் செய், பொறுமையாக இரு என்றும் சொல்லவில்லை. நாம் ஊரெல்லாம் போய்ச் சொல்கிற சொல்தான், ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொன்னால் அவள் வாய் மூடிவிடும் என்று தோன்றியது. அவள் பேசி முடிக்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு என் லைட்டைப் பற்றிச் சொன்னேன்.

ஹபீபா என்னை வாய் பிளந்து பார்த்தாள். "லைட்டா? நீயா கா?"

"ஓம். கல்லுக்கும் இருட்டுல பயம்."

அவள் சிரித்தாள், அழுதாள். ஸிபானாவும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மூன்று பேருமாக ஸிபானா வீட்டுக்குப் போய், அவள் மகளைக் கிணற்றடியில் வைத்துக் குளிக்க வார்த்தோம். முதல் வாளியை நான் ஊற்றினேன். இரண்டாவதை ஹபீபா. பிள்ளை கையைத் தட்டி இன்னும் இன்னும் என்று கத்தியது. அதற்குப் பிறகு வாளியை ஸிபானா வாங்கிக்கொண்டாள்.

இந்தக் கிழமை அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் மனசு பற்றிக் கதைக்கிற ஒரு மிஸ் இருக்கிறாவாம், அவவிடம் ஸிபானாவைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். அங்கே போனால் விசர் பிடித்தவள் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். நானும் உள்ளே போய் இருப்பேன், இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லட்டும்.

அதற்கிடையில் நேற்று ஓர் அழைப்பு வந்தது. நானும் ஹபீபாவும் போனோம். தலைமாட்டில் நான் நின்றேன். திரும்பி வந்ததும் கேத்தல் கொதிக்கும் முன்னே, அவள் கேட்கும் முன்னே சொன்னேன்: "எனக்கு இண்டைக்குக் கஷ்டமா இரிக்கி கா." அவள் தன் பனங்கட்டியை எடுத்து என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். உன்னை நினைத்துத்தான் வைத்தாள். நான் அதைத் தின்றேன்.

சரி மச்சி. முற்றத்தில் உன் மகன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒண்டுமில்ல என்று நீ என்னிடம் சொன்ன பொய்யைப் பொறுத்தேன். அல்லாஹ் சாட்சி, மனசாரப் பொறுத்தேன். ஹபீபாவிடம் சத்தியம் வாங்கியதையும் பொறுத்தேன், அவளையும் பொறுத்தேன். ஆனால் என்னைக் கேட்காமலே என்னைக் கல் என்று முடிவு கட்டினாயே, அதை இன்னும் பொறுக்கவில்லை. பொறுத்ததாகச் சொன்னால் நானும் உன்னை மாதிரி ஆகிவிடுவேன். அதற்கு மனம் வர வேண்டும் என்று தொழுகையில் கேட்கிறேன். வந்தவுடன், மையவாடி மதிலடியில் ஓட்டோவை நிற்பாட்டி உனக்குக் கேட்கச் சொல்வேன்.

அதுவரைக்கும் என் வாக்கு இது. போன் அடித்தால் போவேன். தண்ணீரைச் சூடாக்கித்தான் ஊற்றுவேன். எனக்கு ஏலாத நாளில் ஏலாது என்று சொல்லி வீட்டில் இருப்பேன். என் பக்கத்தில் நிற்கிறவள் ஒருத்தி தலைமாட்டை விட்டுக் கால்மாட்டுக்குப் போக நினைத்தால், ஏன் என்று கேட்காமல் அவளை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். ஒண்டுமில்ல என்றால் திரும்பவும் கேட்பேன்.

லைட்டை அணைக்காமல், உன் நினைவில் விழித்திருக்கும்
உன் மாமன் மகள்,
கல் இல்லாத உன்ட மச்சி
பரீதா